கோப்புப் பகிர்வு பேட்ச்சை ரிவியூ செய்வது எப்படி? கெர்னலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸ் கெர்னலுக்குப் பேட்ச் (நிரலில் செய்யும் ஒரு மாற்றம்) எழுதி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அதை வரி வரியாகப் படித்து "இது சரி", "இங்கே இடிக்கிறது" என்று சொல்கிறவர்கள் குறைவு. கோப்புப் பகிர்வுப் பகுதியில் இந்தக் குறை இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே ஒரு மாற்றத்தைப் புரிந்துகொள்ள நெட்வொர்க், கோப்பு முறைமை, நெறிமுறை மூன்றும் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. மூன்றையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சரியான கேள்விகளோடு படித்தால் முதல் பேட்ச்சிலேயே உருப்படியாக ஏதாவது கண்ணில் படும்.

அந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. சாதாரணக் கோப்பு முறைமையில் கேட்கிற நிரலும் கொடுக்கிற நிரலும் ஒரே கணினியில் ஓடுகின்றன. மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். பகிர்வில் மறுமுனையில் இருப்பது வேறொரு கணினி. அது பொய் சொல்லலாம், கேட்டதையே மறுபடி கேட்கலாம், பதில் போய்ச் சேருவதற்குள் காணாமல் போகலாம். டிஃப்பின் (பேட்ச்சில் மாறிய வரிகளைக் காட்டும் பட்டியலின்) ஒவ்வொரு துண்டையும் மறுமுனையில் நின்று ஒருமுறை பார்க்கப் பழகுங்கள்.

எந்த நிரல் எங்கே இருக்கிறது

கெர்னல் மூல நிரலில் எஃப்எஸ் அடைவுக்குள் போனால், யூனிக்ஸ் உலகத்தின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான என்எஃப்எஸ்ஸின் கிளையன்ட் என்எஃப்எஸ் என்ற அடைவிலும் சர்வர் என்எஃப்எஸ்டி என்ற அடைவிலும் இருக்கும். இரண்டுக்கும் அடியில் ஓடும் ஆர்பிசி (வேறு கணினியில் உள்ள ஃபங்ஷனை அழைக்கும் முறை) அடுக்கு, நெட் அடைவுக்குள் சன்ஆர்பிசி என்ற பெயரில் உள்ளது. விண்டோஸ் உலகத்தின் எஸ்எம்பி நெறிமுறைக்கும் எஃப்எஸ் அடைவுக்குள்ளேயே தனி அடைவு உண்டு. பழைய சிஐஎஃப்எஸ் கிளையன்ட்டும், 2021-இல் 5.15 பதிப்பில் சேர்ந்த கேஎஸ்எம்பிடி சர்வரும் இப்போது அதற்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. மெய்நிகர் இயந்திரத்துக்கும் அதைத் தாங்கும் கணினிக்கும் இடையே அடைவைப் பகிரும் வர்ட்டியோ-எஃப்எஸ், 5.4 பதிப்பில் வந்தது. நான் பெரும்பாலும் என்எஃப்எஸ் சர்வரை வைத்தே விளக்குகிறேன். மற்றவற்றுக்கும் இதே பார்வை பொருந்தும்.

சர்வருக்கு வரும் ஒரு கோரிக்கையின் பாதையைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க்கிலிருந்து வருகிறது, ஆர்பிசி தலைப்பு பிரிக்கப்படுகிறது, நெட்வொர்க்கில் அனுப்புவதற்கான எக்ஸ்டிஆர் வடிவத்தில் உள்ள தரவு சி மொழியின் ஸ்ட்ரக்சராக மாறுகிறது. அப்புறம் செயலைக் கவனிக்கும் ஃபங்ஷன், அங்கிருந்து விஎஃப்எஸ் (எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவான அடுக்கு), அதன் கீழே எக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை. பதில் இதே வழியில் திரும்பிப் போகிறது. கையில் இருக்கும் பேட்ச் இந்தப் பாதையில் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்று சொல்ல முடிந்தால் பாதி பயம் போய்விடும்.

நெறிமுறை ஆவணத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். என்எஃப்எஸ் 3-க்கு ஆர்எஃப்சி 1813, 4.0-க்கு 7530, 4.1-க்கு 8881, 4.2-க்கு 7862. முழுக்கப் படிக்க வேண்டாம், 8881 மிகப் பெரியது. பேட்ச் தொடும் செயலின் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் அதைப் படிக்காமல் ரிவியூ எழுதாதீர்கள். நிரல் தன்னளவில் ஒழுங்காக இருந்தாலும் நெறிமுறைக்கு முரணாக இருக்கலாம். அதை வெறும் டிஃப் காட்டாது.

டிஃப்புக்கு முன் கமிட் செய்தி

முதலில் பேட்ச்சோடு வரும் விளக்கச் செய்தியை மட்டும் படியுங்கள். பயனர் என்ன கண்டார், ஏன் அப்படி ஆயிற்று, இந்த மாற்றம் அதை எப்படிச் சரிசெய்கிறது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "ஒரு சோதனையைச் சேர்க்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதற்கு என்று கேட்பதே உங்கள் முதல் ரிவியூ கருத்து. தயங்காமல் கேளுங்கள்.

வழுவைத் திருத்தும் பேட்ச்சில் "ஃபிக்ஸஸ்" என்று தொடங்கும் வரி இருக்கும். வழுவைக் கொண்டுவந்த கமிட்டின் முதல் 12 எழுத்தும் தலைப்பும் அதில் வரும். அந்தக் கமிட்டை எடுத்துப் பாருங்கள். வழு உண்மையில் அதில்தான் நுழைந்ததா, அதற்கும் முன்பே இருந்ததா? இந்த வரியை வைத்துத்தான் நிலைப்பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எந்தப் பழைய கெர்னல்களுக்குத் திருத்தம் போக வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். தவறான கமிட்டைக் காட்டினால் பாதிக்கப்பட்ட ஒரு பதிப்பு திருத்தம் இல்லாமலே விடுபட்டுப் போகும்.

அடுத்து பேட்ச்சை உங்கள் கணினியில் பொருத்துங்கள். பி4 என்ற கருவி முழுத் தொடரையும் இறக்கித் தரும். தொடரில் ஒவ்வொரு பேட்ச்சும் தனித்தனியாகக் கம்பைல் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் பைசெக்ட் செய்பவர் (வழு நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுபவர்) நடுவழியில் சிக்கிக்கொள்வார். நிரல் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவி காட்டும் இடைவெளிப் பிழைகளை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். உங்கள் நேரம் அதற்கானது இல்லை.

மறுமுனை பொய் சொன்னால்?

தரவைப் பிரிக்கும் நிரலில், கிளையன்ட்டிடமிருந்து வரும் ஒவ்வொரு எண்ணையும் சந்தேகத்தோடு பாருங்கள். "இதற்குப் பின் இத்தனை உறுப்புகள் வருகின்றன" என்று பொட்டலம் சொன்னால், அந்த எண்ணை நம்பி மெமரி ஒதுக்குவதற்கு முன் மீதமுள்ள பொட்டலத்தில் அத்தனை உறுப்புகளுக்கு இடம் இருக்கிறதா என்று சரிபார்த்திருக்க வேண்டும். எஸ்எம்பியில் இது இன்னும் நுட்பமானது. தரவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற இரண்டையும் கிளையன்ட்டே சொல்கிறது. இரண்டையும் கூட்டும்போது 32 பிட் எல்லை தாண்டி எண் சுருங்கிவிட்டால், "கூட்டுத்தொகை பொட்டலத்துக்குள் இருக்கிறதா" என்ற சோதனை ஏமாந்துவிடும். வழிதல் ஆகிறதா என்று பார்த்துக் கூட்டித் தரும் உதவி ஃபங்ஷன்கள் கெர்னலில் உண்டு. பேட்ச் அவற்றைப் பயன்படுத்தாவிட்டால் காரணம் கேளுங்கள்.

2022 டிசம்பரில் வெளியே வந்த கேஎஸ்எம்பிடி ஓட்டை, இந்தக் கவனம் ஏன் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. ட்ரீ டிஸ்கனெக்ட் (பகிர்ந்த அடைவோடு உள்ள இணைப்பைத் துண்டிப்பது) என்ற கட்டளையைக் கையாளும் இடத்தில், விடுவித்துவிட்ட மெமரியை நிரல் மறுபடி தொட்டது. உள்நுழையாத ஒருவர்கூட தூரத்திலிருந்தே இதைப் பயன்படுத்திக் கெர்னலுக்குள் தன் நிரலை ஓட்ட வாய்ப்பிருந்தது. தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கியது. திருத்தம் 5.15.61-இல் அதற்கு முன்பே போயிருந்தது. ஒரு பொருள் இன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொட்டதுதான் மூலகாரணம். ரிவியூவில் கண்டுபிடிக்கக்கூடிய வகை வழு இது.

ஃபைல் ஹேண்டில் (ஒரு கோப்பைக் குறிக்கச் சர்வர் கிளையன்ட்டுக்குக் கொடுக்கும் அடையாளம்) பற்றிப் புதியவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கும். சர்வர் கொடுத்த டோக்கன்தானே, திரும்பி வந்தால் நம்பலாமே என்று. நம்பக் கூடாது. அது என்எஃப்எஸ் பதிப்பு 2-இல் 32 பைட், 3-இல் அதிகபட்சம் 64, 4-இல் 128. உள்ளே பொதுவாக ஏற்றுமதியின் (சர்வர் பகிரும் அடைவின்) அடையாளம், ஐநோடு எண் (கோப்பு முறைமை கோப்புக்குத் தரும் எண்), தலைமுறை எண் (அதே ஐநோடு எண் வேறு கோப்புக்குப் போகும்போது மாறுவது) இருக்கும். யார் வேண்டுமானாலும் ஒன்றைச் செய்து அனுப்பலாம். அதனால்தான் என்எஃப்எஸ்டியில் எஃப்ஹெச் வெரிஃபை என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஹேண்டிலைப் பிரித்து, ஏற்றுமதியைக் கண்டுபிடித்து, பயனரின் அடையாளத்தை அமைத்து, அனுமதியையும் சோதிப்பது அதுதான். ஒரு புதிய செயலைச் சேர்க்கும் பேட்ச்சில் இந்த அழைப்பு இல்லாமல் விஎஃப்எஸ்ஸைத் தொட்டால் அங்கேயே நின்று கேள்வி எழுப்புங்கள். எந்த அனுமதிக் கொடியோடு அழைக்கிறார்கள் என்பதும் முக்கியம். எழுதும் செயலுக்குப் படிக்கும் கொடி போட்டிருந்தால் கம்பைலர் வாயே திறக்காது.

கோப்புப் பெயர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பெயருக்குள் சாய்கோடு இருக்கலாம், இரட்டைப் புள்ளி வரலாம், குறியீட்டு இணைப்பு வழியாக ஏற்றுமதி செய்த அடைவுக்கு வெளியே போகப் பார்க்கலாம்.

கேட்டதையே மறுபடி கேட்டால்?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஆழமான வழுக்கள் பலவும் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

கிளையன்ட் "இந்தக் கோப்பை அழி" என்று அனுப்புகிறது. சர்வர் அழித்துவிட்டுப் பதில் அனுப்புகிறது. பதில் வழியில் தொலைந்துபோகிறது. கிளையன்ட் கொஞ்சம் காத்திருந்து அதே கோரிக்கையை மறுபடி அனுப்புகிறது. சர்வர் இதைப் புதுக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டால் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று சொல்லும். வெற்றிகரமாக நடந்த வேலைக்குப் பயன்பாட்டு நிரல் பிழையைப் பெறுகிறது. பெயர் மாற்றுதல், அடைவு உருவாக்குதல் எல்லாவற்றிலும் இதே சிக்கல் உண்டு. படிப்பதில் இல்லை, எத்தனை முறை படித்தாலும் ஒன்றுதான்.

இதற்காகப் பதிப்பு 3-லும் 4.0-லும் சர்வர் அண்மைய பதில்களைச் சேமித்து வைக்கிறது. ஆர்பிசி தலைப்பில் உள்ள 32 பிட் கோரிக்கை எண், அனுப்பியவரின் முகவரி, கோரிக்கையின் தொடக்கப் பகுதிக்கான செக்சம் ஆகியவற்றை ஒப்பிட்டு, பழைய கோரிக்கை என்று தெரிந்தால் பழைய பதிலையே கொடுக்கும். பதிப்பு 4.1 இதைச் செஷன், ஸ்லாட், வரிசை எண் என்று நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. ஆகவே ஒரு புதிய செயலைச் சேர்க்கும் பேட்ச்சைப் பார்த்தால், அது இருமுறை வந்தால் என்ன ஆகும், அதன் பதில் சேமிக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

இதன் இன்னொரு பக்கம், எழுதிய தரவு. ஒரு கற்பனைப் பேட்ச்சை எடுத்துக்கொள்வோம். பத்தே வரி. கிளையன்ட் "நிலையாக எழுது" என்று கேட்டாலும் வட்டில் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, உடனே "எழுதிவிட்டேன்" என்று பதில் சொல்கிறது. வேக அளவீடுகள் பிரமாதமாக இருக்கின்றன. சோதனைகள் எல்லாம் தேறுகின்றன. லாக் சரி, மெமரி சரி, நடை சரி.

இந்தப் பேட்ச்சை ஏற்கக் கூடாது. பதில் கிடைத்த நொடியில் கிளையன்ட் தன் மெமரியில் இருந்த பிரதியைத் தூக்கிப் போடலாம், அதற்கு அந்த உரிமை உண்டு. அப்போது சர்வருக்கு மின்சாரம் போனால் அந்தத் தரவு உலகத்தில் எங்குமே இல்லை. யாருக்கும் பிழைச் செய்தியும் வராது. இதே நடத்தையைத் தெரிந்தே தேர்ந்தெடுக்க ஏற்றுமதி அமைப்பில் அசிங்க் என்ற விருப்பம் இருக்கிறது. அது நிர்வாகி எடுக்கும் முடிவு, இயல்புநிலை சிங்க்தான். ஒரு பேட்ச் அந்த முடிவை ஓசையில்லாமல் மாற்றக் கூடாது.

நெறிமுறையே இதற்கு நேர்மையான வழி ஒன்றை வைத்திருக்கிறது. கிளையன்ட் நிலையற்ற முறையில் எழுதச் சொல்லிவிட்டு, பிறகு கமிட் என்ற கோரிக்கையை (கிட்டின் கமிட் இல்லை, "எழுதியதை வட்டில் நிலையாக்கு" என்பது) அனுப்பலாம். இரண்டு பதில்களிலும் சர்வர் 8 பைட் நீளமுள்ள ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அனுப்பும். சர்வர் இடையில் மறுதொடக்கம் ஆகியிருந்தால் எண் மாறியிருக்கும். கிளையன்ட் அதைக் கண்டு, தன்னிடம் வைத்திருக்கும் தரவை மறுபடி அனுப்பும். வட்டில் எழுதும்போது பிழை ஏற்பட்டாலும் லினக்ஸ் சர்வர் இந்த எண்ணை மாற்றுகிறது. எழுதும் பாதையைத் தொடும் எந்தப் பேட்ச்சிலும், பிழை வந்தால் இந்த எண் மாறும் வழி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அந்த ஒரு வரி காணாமல் போயிருந்தால் வெளியே எல்லாம் ஒழுங்காகவே தெரியும், தரவு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

யாராவது ஒருவர் காணாமல் போனால்?

பதிப்பு 4-இல் சர்வர் நிறைய நினைவில் வைத்திருக்கிறது: யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார், யாரிடம் பூட்டு, யாரிடம் டெலிகேஷன் (சர்வரைக் கேட்காமல் கோப்பைத் தானே கையாளும் தற்காலிக உரிமை) என்று எல்லாமே. கிளையன்ட் குத்தகையை (இவற்றை வைத்திருக்கக் கிடைத்த கெடுவை) புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் இயல்பாக 90 நொடி. சர்வரே மறுதொடக்கம் ஆனால் அதேபோல் ஒரு சலுகைக் காலம் ஓடும். பழைய கிளையன்ட்கள் தங்கள் பூட்டுகளைத் திரும்பக் கேட்டுப் பெறும் நேரம் அது. அதற்குள் புதியவருக்குப் பூட்டுக் கொடுத்துவிட்டால் இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதுவார்கள். பூட்டுப் பாதையைத் தொடும் பேட்ச்சில் சலுகைக் காலச் சோதனை எந்த வரியில் நடக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள்.

டெலிகேஷனைத் திரும்பக் கேட்கும்போது சர்வர், கிளையன்ட்டின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் கிளையன்ட் செத்துப்போயிருக்கலாம். அடைவின் லாக்கைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தால் அந்த அடைவைத் தொடும் எல்லாரும் சேர்ந்து நிற்பார்கள். சர்வரின் திரெட்கள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கடைசியில் சம்பந்தமே இல்லாத ஏற்றுமதியும் பதில் சொல்லாது. சரியான வழி, "பிறகு வா" என்ற பிழையைத் திருப்பி அனுப்பி, கிளையன்ட்டையே மறுபடி முயலச் செய்வது. லாக்கைப் பிடித்துக்கொண்டு நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் நிரலை எங்கே கண்டாலும் சுட்டிக்காட்டுங்கள்.

ஃபைல் ஹேண்டில் சர்வர் மறுதொடக்கத்துக்குப் பின்னும் செல்லுபடியாக வேண்டும். கோப்பு அழிந்து, அதே ஐநோடு எண் வேறு கோப்புக்குப் போயிருந்தால் மட்டும் பழைய ஹேண்டில் செல்லுபடியாகக் கூடாது. தலைமுறை எண் இருப்பது இதற்காகத்தான். ஒரு கோப்பு முறைமைக்கு ஏற்றுமதி வசதியைச் சேர்க்கும் பேட்ச்சில் தலைமுறை எண்ணை ஒப்பிடும் வரி இல்லையென்றால், ஒருவரின் கோப்புக்குப் போக வேண்டிய எழுத்து இன்னொருவரின் கோப்புக்குப் போய்விடும்.

யாருடைய அடையாளத்தில் ஓடுகிறது?

சர்வர் திரெட், கோரிக்கை அனுப்பியவரின் அடையாளத்தைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறது. ரூட் ஸ்குவாஷ் இருந்தால் எண் 0 பயனர் (ரூட்), அடையாளமற்ற பயனராக மாற்றப்படுவார். இயல்பாக அது 65534. வேகத்துக்காக ஒரு வேலையை வேறொரு வொர்க்கியூவுக்கு (பின்னணியில் ஓடும் வேலை வரிசைக்கு) தள்ளும் பேட்ச் வந்தால் கவனமாக இருங்கள். வொர்க்கியூவின் திரெட் முழு ரூட் அதிகாரத்தோடு ஓடும். அங்கே கோப்பைத் திறந்தால் அனுமதிச் சோதனை பெயரளவுக்குத்தான் நடக்கும்.

பிழைக் குறியீடும் வெளியேறும் வழியும்

கெர்னலுக்குள் பிழை என்பது எதிர்மறை முழு எண். என்எஃப்எஸ் பதிலில் அது பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்) வரிசையில் உள்ள 32 பிட் எண். இரண்டும் ஒரே ஃபங்ஷனில் கலந்து வரும்போது வழு நுழைகிறது. நெறிமுறைக் குறியீட்டை வைத்துக்கொண்டு "பூஜ்யத்துக்குக் குறைவா" என்று கேட்பது அர்த்தமற்றது, ஆனாலும் கம்பைல் ஆகும். ஸ்பார்ஸ் என்ற நிரல் சோதனைக் கருவியோடு கம்பைல் செய்தால் இது உடனே தெரியும். எஸ்எம்பி லிட்டில் எண்டியன் என்பதால் பெரும்பாலான கணினிகளில் மாற்ற மறந்தாலும் ஓடும். அங்கே ஸ்பார்ஸ் இன்னும் அவசியம்.

அப்புறம், ஃபங்ஷனின் நடுவில் புதிதாக ஒரு ரிட்டர்ன் சேர்ந்திருந்தால் டிஃப்பை மட்டும் பார்க்காமல் முழு ஃபங்ஷனையும் திறங்கள். அதற்கு மேலே எடுத்த லாக், டென்ட்ரி (பெயருக்கும் ஐநோடுக்குமான இணைப்பு), கோப்பு எல்லாம் இந்தப் புது வழியில் திருப்பித் தரப்படுகின்றனவா என்று மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். டிஃப்பின் மூன்று வரிச் சூழலில் இது ஒருபோதும் தெரியாது. குளோபல் மாறி புதிதாக வந்திருந்தால், கண்டெய்னர்களில் ஒரே கெர்னலில் பல சர்வர்கள் ஓடும்போது என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

ஓட்டிப் பாருங்கள்

இரண்டு மெய்நிகர் இயந்திரம் போதும், ஒன்று சர்வர், மற்றொன்று கிளையன்ட். ஒரே இயந்திரத்தில் இரண்டையும் வைத்தால் மெமரி நெருக்கடியில் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுபோகலாம். அப்போது பழி பேட்ச்சின் மேல் தவறாக விழும். சர்வர் கெர்னலில் கேஎசான் (மெமரிப் பிழைகளைக் காட்டுவது), லாக்டெப் (லாக் பிழைகளைக் காட்டுவது) இரண்டையும் இயக்குங்கள். எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பின் விரைவுக் குழுவை என்எஃப்எஸ் வழியாக முதலில் பழைய கெர்னலில் ஓட்டி முடிவைச் சேமித்துக்கொண்டு, பிறகு பேட்ச்சோடு ஓட்டி ஒப்பிடுங்கள். சில சோதனைகள் எப்போதுமே தோற்கும், புதிதாகத் தோற்பதுதான் முக்கியம். நெறிமுறை அளவிலான சோதனைக்குப் பைஎன்எஃப்எஸ், எஸ்எம்பிக்குச் சாம்பாவுடன் வரும் எஸ்எம்பிடார்ச்சர்.

அதோடு நிறுத்தாமல், எழுதிக்கொண்டிருக்கும்போதே சர்வர் இயந்திரத்தைப் பட்டென்று அணைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். கிளையன்ட்டில் கோப்பின் செக்சத்தை ஒப்பிடுங்கள். பழைய கெர்னல் ஓடும் கிளையன்ட்டோடும் ஒருமுறை செய்து பாருங்கள். புதிய சர்வரோடு பேசப்போகும் கிளையன்ட்கள் எல்லாம் ஒரே நாளில் புதுப்பிக்கப்படப் போவதில்லை.

கருத்தை எழுதுவது

பேட்ச்சின் தொடர்புடைய வரியை மேற்கோளாக வைத்து அதற்குக் கீழே எழுதுங்கள். "இது தவறு" என்பதைவிட நிகழ்வுகளை வரிசையாகச் சொல்வது வலுவானது: கிளையன்ட் இதைக் கேட்டது, சர்வர் இந்த வரி வரை வந்தது, அங்கே இணைப்பு அறுந்தது, மறுபடி கேட்டபோது இப்படி ஆகிறது. எழுதியவருக்கு உடனே புரியும். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் எந்த அடியில் என்று அவரும் எளிதாகச் சொல்ல முடியும். கட்டாயம் திருத்த வேண்டியது எது, விருப்பமிருந்தால் மாற்றலாம் என்பது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். லாக் பகுதி உங்களுக்குப் புரியவில்லையா? "பிரிக்கும் நிரலை மட்டும் பார்த்தேன், லாக்கைப் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். பராமரிப்பாளருக்கு இது மிகவும் உதவும், மீதியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"ரிவியூட்-பை" என்று உங்கள் பெயரைப் போடுவது ஒரு பொறுப்பு. முழுமையாகப் படித்தேன், எனக்குத் தெரிந்த குறைகளைச் சொல்லிவிட்டேன், இது உள்ளே போகத் தகுதியானது என்று கருதுகிறேன் என்று அதற்குப் பொருள். ஓட்டிப் பார்த்தது மட்டும்தான் என்றால் "டெஸ்டட்-பை" போடுங்கள்.

அடுத்த பதிப்பு வந்ததும் கிட்டின் ரேஞ்ச்-டிஃப் வசதியால் இரண்டு பதிப்புகளையும் ஒப்பிடுங்கள். நீங்கள் கேட்டது மட்டும் மாறியிருக்கிறதா, கேட்காத ஏதாவதும் மாறியிருக்கிறதா? பேட்ச் பெரிதாக மாறியிருந்தால் நீங்கள் முன்பு கொடுத்த ரிவியூட்-பை இனிச் செல்லாது, மறுபடி படித்துத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு எழுதியவர் மின்னஞ்சலில் நல்ல விளக்கம் கொடுத்திருந்தால், அதைக் கமிட் செய்தியிலும் சேர்க்கச் சொல்லுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே வரியில் கிட் பிளேம் (வரியை எந்தக் கமிட் மாற்றியது என்று காட்டும் கட்டளை) ஓட்டுகிறவருக்கு அந்த மின்னஞ்சல் கண்ணில் படாது, கமிட் செய்திதான் படும்.